பாதுகாப்புக்காக

ஷாகிரா எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு பருவம்தான் சட்டம் சொல்லிக்கொடுத்தார். மொத்தம் பதினாறு சனிக்கிழமைகள். அந்தப் பதினாறிலும் நான் அவரை நம்பவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் அலுவலகக் கண்காணிப்பாளர், கண்காணிப்பதுதான் என் வேலை.

கல்லூரி மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கீழே மருந்துக் கடை, அதற்கு மேல் மூன்று மாடிகள் எங்களுடையவை. ஏ.சி. மெக்கானிக், கேட்டரிங், மருத்துவமனை உதவியாளர், தையல் என்று நான்கு பிரிவுகள். பிள்ளைகள் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கொட்டிவாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். தாளாளர் நல்லசிவம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்லூரிக்கு வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் கல்லூரி என்றால் நான்தான். பெயர் ஜெயராம், வீடு மயிலாப்பூர், வயது ஐம்பத்து மூன்று.

எங்கள் பாடத்திட்டத்தில் 'சட்டமும் தொழிலும்' என்று வாரத்துக்கு ஒரு மணி நேரம் உண்டு. ஆய்வுக்கு வருகிறவர்கள் நேர அட்டவணையில் அது இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்கிறது என்று காட்டுவோம். முன்பு இருந்தவர் ஒரு பழைய நோட்டைப் பார்த்து அடிப்படை உரிமைகளை எண் போட்டுச் சொல்லிக்கொண்டே போவார். பிள்ளைகள் பாதி எழுதுவார்கள், பாதி தூங்குவார்கள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவர் மகனோடு இருக்கப் போகிறேன் என்று கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டார். விளம்பரம் கொடுத்தோம். ஷாகிரா வந்தார்.

மீர்சாகிப்பேட்டைக்காரர், முப்பத்தாறு வயது வக்கீல். பணி ஆணையை நீட்டினேன். எல்லோரும் "எங்க சார் கையெழுத்து?" என்றுதான் கேட்பார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு இருபது நிமிடம்.

"சார், 'நிர்வாகம் அளிக்கும் பிற பணிகளும்'னு ஒண்ணு கீதே, அது இன்னா பணி?"

"அது சும்மா வழக்கமா போடறது மேடம்."

"சும்மா போட்டதுன்னா எடுத்துடலாமே சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி அச்சடித்தேன். ஆனால் அன்றைக்கே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறவள் வேறு எதற்கோ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் வகுப்பு முடிந்ததும் ஏ.சி. மெக்கானிக் பிரிவு வெங்கடேஷ் நேராக என் கவுண்டருக்கு வந்தான். கல்லூரியில் நடப்பதெல்லாம் அவன் வாயிலாகத்தான் எனக்கு வரும்.

"சார், புது மேடம் இன்னா சார், நாம கையெழுத்துப் போட்ட பேப்பர் எதுனா இருந்தா எடுத்தாரச் சொல்றாங்க. எதுக்கு சார்? எங்களை எதுலனா மாட்டி விட்டுடுவாங்களா?"

பிள்ளைகளுக்கும் சந்தேகம்தான். நிர்வாகம் அனுப்பிய ஆள், வீட்டு விவரம் எடுத்துப் போய் அலுவலகத்தில் கொடுத்துவிடுவார் என்று அவர்கள் பயந்தார்கள். அடுத்த வாரம் நாற்பது பேரில் ஒருவன் மட்டும் ஒரு ஜிம்மில் சேர்ந்த படிவத்தைக் கொண்டுவந்தான். ஷாகிரா கோபப்படவில்லை. தன் பையிலிருந்தே ஒரு காகிதத்தை எடுத்தாராம்.

அவர் பதினெட்டு வயதில் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றவர். சேரும்போது நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தத் தாளின் நகல்தான் அது. ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க நின்று கால் வீங்கி வேலையை விட்டபோது, கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி, பட்டியலைத் தரவில்லை. பதினான்கு மாதம் அலைந்தாராம். சட்டக் கல்லூரியில் அந்த வருடம் கிடைத்த இடம் போய்விட்டது. இப்போது கடைகளில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது, அன்றைக்கு எங்களுக்காக அதைக் கேட்க ஆள் இல்லை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

வெங்கடேஷ் இதை உருகி உருகிச் சொன்னான். எனக்கு வேறு கணக்கு ஓடியது. தாளாளரின் மைத்துனருக்கு தி.நகரில் ஜவுளிக் கடை உண்டு. அந்தக் கடையாக இருந்தால்? பழி தீர்க்க வந்திருந்தால்? அடுத்த சனிக்கிழமை டீ கொடுக்கும் சாக்கில் எந்தக் கடை மேடம் அது என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். வேறு கடை, அதுவும் மூடிப் பத்து வருடம் ஆகிறது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

விஷயத்தைத் தாளாளர் காதில் போட்டு வைத்தேன். "கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிடும்" என்றார். அதன் பிறகு மின்விசிறி சரிபார்ப்பது, வருகைப் பதிவேடு வாங்குவது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு சட்ட வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தேன். நான் நுழைந்தால் பிள்ளைகள் காகிதங்களை மடித்துப் பைக்குள் திணிப்பார்கள். ஐந்தாவது வாரத்துக்குள் எல்லோர் பையிலும் காகிதம் இருந்தது. வாடகை ஒப்பந்தம், செல்போன் தவணைப் படிவம், அக்கா வேலை செய்யும் கம்பெனியின் பணி ஆணை. நோட்டு எழுதுவது நின்றே போனது. ஒருவர் காகிதத்தை மற்றவர் உரக்கப் படிப்பார். எந்த வரியில் இடறுகிறதோ அங்கே நிறுத்தி, இது யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று ஷாகிரா கேட்பார். சனிக்கிழமை என்றாலே மட்டம் போடும் கேட்டரிங் பிள்ளைகள் கூட வந்தார்கள். அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

கேஸ் பிடிக்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். நாற்பது குடும்பத்துக் காகிதங்கள் கையில் வந்தால் வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு சனிக்கிழமை அவர் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். துரைசாமி சுரங்கப்பாதை வழியாக நடந்து தி.நகர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினார். நானும் பின்பக்கம் ஏறிக்கொண்டேன். எனக்கும் அதே வழிதான், யார் கேட்டாலும் பதில் இருந்தது. ஆழ்வார்பேட்டையில் இறங்கி ஒரு கட்டடத்தின் முதல் மாடிக்குப் போனார். வக்கீல் அலுவலகப் பலகை தொங்கியது. வாசலில் இருந்த காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஷாகிரா மேடமா? கம்பெனிங்களுக்கு அக்ரிமெண்ட், ஆர்டர் எல்லாம் எழுதறது அவங்கதான் சார். நல்ல கை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் காகிதத்தை ஓட்டை ஓட்டையாகப் பிரித்து வகுப்பில் காட்டுகிறாரோ, அதே காகிதத்தை வாரம் முழுக்க எழுதுகிறவர்! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறு சனிக்கிழமை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"கம்பெனிக்காராளுக்கு எழுதிக் கொடுக்கறதும் நீங்க, அதைப் பிள்ளைகள்ட்ட பிரிச்சுக் காட்டறதும் நீங்க. இது என்ன மேடம் நியாயம்?"

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமா சார். அது என் பொழப்பு. எழுதறவளுக்குத்தானே எந்த வரியில இன்னா ஒளிச்சு வெப்பாங்கன்னு தெரியும். நீங்களும் எழுதறவர்தானே சார், உங்களுக்குத் தெரியாதா?"

நான் எழுதுகிறவன்தான். எங்கள் சேர்க்கைப் படிவம் நான் எழுதியது.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் சேரும்போது பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி அலுவலகத்து இரும்பு பீரோவில் வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்ததும் நாங்கள் சொல்லும் நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் சான்றிதழ். இல்லாவிட்டால் பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுவார்கள், எங்களோடு பேசி வைத்த நிறுவனங்களுக்கு ஆள் கிடைக்காது. பழைய படிவத்தில் 'பயிற்சியும் பணியும் முடியும் வரை கல்லூரி வசம் இருக்கும்' என்று பச்சையாக எழுதியிருந்தோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி, இப்படி வைத்துக்கொள்ள உங்களுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்று சத்தம் போட்டுவிட்டார். தாளாளர் நடுங்கிப் போனார். நான் ஒரு இரவு உட்கார்ந்து யோசித்து வரியை மாற்றினேன்.

'என்னுடைய அசல் சான்றிதழ்களைப் பாதுகாப்புக்காக, என் சொந்த விருப்பத்தின் பேரில் கல்லூரியிடம் ஒப்படைக்கிறேன்.'

அடுத்த ஆய்வில் யாரும் வாயைத் திறக்கவில்லை. "நீரு கெட்டிக்காரரு ஓய்" என்று தாளாளர் என் முதுகில் தட்டினார். பாதுகாப்புக்காக என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவ்வளவு பெருமை.

பதினைந்தாவது வாரத்துக்குப் பிறகு வந்த புதன்கிழமை சிந்து கவுண்டருக்கு வந்தாள். ஏ.சி. மெக்கானிக் பிரிவில் இருக்கும் ஒரே பெண், கொட்டிவாக்கம். படிப்பை முடிக்கும் நேரம். அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஏ.சி. பராமரிப்புக்கு ஆள் எடுத்ததில் அவளாகவே போய்த் தேர்வாகியிருந்தாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினலைக் காட்ட வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முடியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது என் தொழில் முறை. தாளாளர் ஊரில் இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். வியாழக்கிழமை வந்தாள், பீரோ சாவி தாளாளரிடம் இருக்கிறது என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தபோது அலுவலக வேலையாகப் பேசுவது போல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை ஆட்டி அனுப்பினேன். திங்கள் தாண்டிவிட்டால் அவளுக்குக் கேட்கக் காரணமே இருக்காது. இப்படி எத்தனையோ பேரைத் தாண்ட வைத்திருக்கிறேன்.

ஆனால் இவள் சட்ட வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவள். அன்று மாலை தாளாளருக்குப் போன் செய்து, இந்த அம்மா பிள்ளைகளைத் தூண்டி விடுகிறார் என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நாளையோட நிப்பாட்டிரும். ஆர்டர் அடிச்சுக் குடுத்திரும்."

அடித்தேன். சனிக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு ஷாகிரா வந்தார். கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். எழுத எழுத எனக்குக் காது சுட்டது. என்னுடைய வரி.

"வெங்கடேஷ், படி."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் படித்தான்.

"இதுல முக்கியமான வார்த்தை எது?"

"சொந்த விருப்பம் மேடம்." "ஒப்படைக்கிறேன் மேடம்." ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிந்துதான் எழுந்து நின்று "பாதுகாப்புக்காக" என்றாள்.

"உன் ஃப்ரெண்டாண்ட ஹெல்மெட்டைக் குடுத்து, பத்திரமா வெச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போற. திரும்பி வந்து கேக்கறப்போ, ஒரு வருசம் போவட்டும், அப்பால தரேன்னு அவன் சொன்னா?"

"செத்தான் மேடம் அவன்!" என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது.

"அதான். பாதுகாப்புக்குன்னு வாங்கினா, குடுத்தவங்க கேட்டதும் திருப்பித் தரணும். ஒப்பந்தச் சட்டத்துலயே கீது. இதை எழுதினவர் நல்லா தெளிவாவே எழுதிக்கீறாரு. நாமதான் படிக்கல."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பன்னிரண்டு வருடம் ஆய்வாளர்களிடமிருந்து கல்லூரியைக் காப்பாற்றிய வார்த்தை. அதைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையில் எடுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது, பயமாகவும் இருந்தது. பிறகு எல்லோரையும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். சிந்து, "மேடம், நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்று கேட்டாள்.

"நான் எழுதினா அது வக்கீல் லெட்டர் ஆயிடும். நீ எழுது. தப்பு இருந்தா சொல்றேன்."

அவள் மூன்று முறை எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்குப் படியில் ஷாகிராவிடம் ஆணையை நீட்டினேன். தங்கள் பணி இன்றுடன் முடிவடைகிறது, நன்றி என்று இரண்டு வரி. நின்ற இடத்திலேயே படித்துவிட்டு, என்னிடம் பேனா வாங்கிப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்பார், கத்துவார் என்று நான் தயாராக இருந்தேன்.

"ஒரு நிமிசம் சார், போர்டை அழிச்சிட்டு வரேன். அப்படியே உட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

இதில் என்ன சூழ்ச்சியோ என்று அவர் போன பிறகு மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். பலகை சுத்தமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சிந்து கவுண்டரில் நின்றாள். கையில் ஒரே கடிதம், இரண்டு பிரதி. பாதுகாப்புக்காக ஒப்படைத்த சான்றிதழ்களை இன்று திருப்பித் தரவும் என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இருந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

'தர மறுப்பதாக இருந்தால், மறுப்புக்கான காரணத்தை இதே தாளில் எழுதி, பெயர், பதவி, தேதியுடன் கையெழுத்திட்டுத் தரவும்.'

"தாளாளர் ஊர்ல இல்லையேம்மா."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

"திங்கக்கிழமை காலம்பற வாயேன்."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் அடையார்ல இருக்கணும் சார். குடுங்க, இல்லாட்டி குடுக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க."

அவள் நகரவில்லை. ஷாகிரா எங்கோ ஒளிந்து நின்று ஆட்டுவிக்கிறார் என்று எனக்கு உறுதியாகப்பட்டது. இரு என்று சொல்லிவிட்டு மாடிப்படி முழுக்க இறங்கிப் பார்த்தேன். மருந்துக் கடையில் எட்டிப் பார்த்தேன். மேடம் அப்பவே போய்ட்டாங்களே என்றான் கடைக்காரன். தெருவில் யாரும் இல்லை. அந்தப் பெண் தனியாகத்தான் வந்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

தாளாளருக்குப் போன் போட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம்.

"எழுதிக் கேக்காளா? முடியாதுன்னு எழுதி நீரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திரும்."

"தாளாளர்னு உங்க பேரைப் போட்டுக் கொடுக்கட்டுமா சார்?"

"என் பேரு எதுக்குவே? ஆபீஸ நீருதானே பாக்கீரு? ஒம்ம பேரையே போட்டுக்கிடும்."

போனை வைத்துவிட்டார். எதிரே வெள்ளைத் தாள், பேனா. எத்தனையோ பேரிடம் எத்தனையோ காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இப்போது ஜெயராம் என்று எழுத வரவில்லை. ஏதோ வேலை மிச்சம் இருப்பது போல மேசையில் இருந்த கோப்புகளை அடுக்கினேன், அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன். சாவி தாளாளரிடம் இருக்கிறது என்று வியாழக்கிழமை சொன்னது அவளுக்கு நினைவிருந்திருக்கும்.

பழுப்பு உறையைக் கவுண்டரில் வைத்து, சான்றிதழ் பெற்றுக்கொண்டதற்கான பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். பெயருக்கு எதிரே விரலை வைத்து, இங்கே போடு என்றேன். அவள் போடவில்லை. முதலில் உறையைத் திறந்து இரண்டு பட்டியலையும் பார்த்தாள். பிறகு பதிவேட்டின் மேல் குனிந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான் பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பதை விரல் வைத்துப் படித்தாள்.

"'என் சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டேன். கல்லூரி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இனி எந்தப் புகாரும் செய்ய மாட்டேன்.' சார், பெற்றுக்கொண்டேன் வரைக்கும் சரி. மிச்சத்தை நான் சொல்லலையே."

என் பேனாவாலேயே அந்த இரண்டு வரிகளையும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, தேதியும் நேரமும் எழுதி, தன் பெயருக்கு எதிரே முழுக் கையெழுத்துப் போட்டாள். தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு உறையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

நான் பதிவேட்டை மூடவில்லை. பின்னோக்கிப் புரட்டினேன். போன வருடம், அதற்கு முந்தைய வருடம், அதற்கும் முன்னால். பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள். சிலது வளைத்து வளைத்து, சிலது பள்ளிப் பிள்ளை எழுத்தில், ஒன்றிரண்டு அவசரத்தில் கோட்டைத் தாண்டி. ஒரு பக்கத்தில் கூட ஒரு அடித்தல் இல்லை. அவர்களில் ஒருவரும் அந்த வரியைப் படிக்கவில்லை. படிக்க மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் அதை எழுதினேன்.